சுருட்டையின் சவரக்கத்தி

சாலையோர மரங்கள் பூக்கத் தொடங்கினால் சுருட்டைக்கு மூக்கு ஒழுகத் தொடங்கிவிடும். கத்திரி பிடிக்கும்போது தும்மினால் யாரும் கண்டுகொள்வதில்லை. சவரக்கத்தி பிடிக்கும்போது தும்மினால் கதையே வேறு. போன வாரம் ஒருவர் கழுத்தில் கீறல் விழுந்தது. ரத்தம் துளிதான். ஆனால் சலூன் முதலாளியான மச்சான், சுருட்டையின் மனைவிக்கு அண்ணன், சவரக்கத்தியை வாங்கி மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"பூக்குற காலம் முடியட்டும் மாப்ள. அதுவரைக்கும் முடி மட்டும் வெட்டு."

கடையிலேயே சவரத்துக்குப் பேர்போன கை அவனுடையது. அவமானத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மருத்துவர் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் போட்டான். ஜன்னல்களைச் சாத்தினான். தும்மல் பாதி குறைந்தது. மீதிப் பாதி எந்த வழியாக வருகிறது? ஒருநாள் காலை நடை முடித்து வந்த வாத்தியாரின் தலையில் சீப்பை வைத்ததும் அடுக்காக நாலு தும்மல். சுருட்டைக்குப் பொறி தட்டியது. மகரந்தம் முடியில் ஏறி உட்கார்ந்து ஓசிச் சவாரி செய்கிறது. அன்றிலிருந்து யார் வந்தாலும் தலையைக் கழுவிய பிறகே வேலையைத் தொடங்கினான்.

"முடிவெட்ட வந்தேனா, குளிக்க வந்தேனா?" என்றார் வாத்தியார்.

அப்படியும் நிற்கவில்லை. ஆளே இல்லாத கடையிலும் தும்மினான். துண்டு, சீப்பு, நாற்காலி என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்துத் திரிந்தவனை மச்சான் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைசியில், தரையைக் கூட்டக் குனிந்தபோது அவன் சுருட்டைமுடியே மூக்கில் வந்து விழுந்தது. விடாமல் ஆறு தும்மல்.

தினமும் பூத்த மரங்களுக்கு அடியில் சைக்கிளில் வருகிற தலை அது. ஊரார் தலையெல்லாம் கழுவியவன் தன் தலையை மறந்திருந்தான். வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அதன்பின் கடைக்குள் நுழைந்ததும் ஒருமுறை, படுக்கப்போகும் முன் ஒருமுறை தலையை அலசினான். ஒரு வாரம் தும்மலே இல்லை. ஆனாலும் சவரக்கத்தியைக் கேட்க வாய் வரவில்லை.

எட்டாம் நாள் மச்சான் டிராயரைத் திறந்தார். சவரக்கத்தியை அவன் கையில் கொடுத்துவிட்டு, தானே நாற்காலியில் சாய்ந்து கழுத்தை நிமிர்த்தினார்.

"மொதல்ல எனக்குப் பண்ணு."

"தும்மிட்டா மச்சான்?"

"ஒரு வாரமா எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். ஆரம்பி."

சுருட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன, திரும்பவும் பூவா?"

"இல்ல மச்சான்," என்று சொல்லிவிட்டு நுரையைக் குழைக்கத் தொடங்கினான்.