செலோமிடம் சேர்ந்த அலுப்பு

கொல்கத்தா லேக் மார்க்கெட் தமிழ்ச் சங்கக் கூடத்தில் ஆடக் கற்றவர்களுக்கு ஆடி முடித்தபின் களைப்பு வரவில்லை. அவர்கள் எல்லாருடைய களைப்பும் கற்றுக்கொடுத்த செலோமுக்குப் போய்ச் சேர்ந்தது. பெருந்தொற்று ஓய்ந்த ஆண்டில் தொடங்கிய இதை முதலில் கவனித்தவர்கள் மாணவிகளின் கணவன்மார்கள். வகுப்பு முடிந்து வந்த பெண்கள் வீட்டைக் கழுவித் துடைத்து, அலமாரியை இடம் மாற்றி, அதற்குப் பிறகும் உட்காராமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

செலோம் கானா நாட்டின் கடலோர ஊர் ஒன்றிலிருந்து நாடகக் குழுவோடு கொல்கத்தா வந்தவன். குழு திரும்பிப் போனது. அவன் தன் ஊர் மத்தளங்களோடும் இரும்பு மணியோடும் தங்கிவிட்டான். வைத்தியநாதனின் காப்பிப்பொடிக் கடைக்கு மேல் அறை. கடையில் கேட்டுக் கேட்டுத் தமிழ் வந்தது, தெருவில் வங்காளம். முழங்காலை மடித்து, முழங்கைகளை இறக்கைபோல விரித்து, முதுகை அலையாக்கும் அந்த ஆட்டத்தைக் கற்க டாலிகஞ்சிலிருந்தும் ஆள் வந்தார்கள். ஞாயிறு வகுப்பு நடந்தால் திங்களன்று அவனால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. யாரோ ஒருத்தி தன் வீட்டு மொட்டைமாடியில் ஆடிப் பார்த்தால், கரியாஹாட் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருக்கும் அவன் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிடுவான். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, இது நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பர்த்வான்வரை நடந்துபோய்த் திரும்பிய உடம்பு என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார்.

"ஆடறது அவா, அலுத்துக்கறது நீயா? வகுப்பை நிறுத்தித் தொலையேன்ப்பா" என்றார் வைத்தியநாதன்.

"நிறுத்திட்டு என்ன பண்ண, மாமா? உங்களுக்குக் காப்பிக்கொட்டை அரைக்கவா?"

"அதுக்கும் கையைத் தூக்கணுமே!"

செலோம் சிரித்தான். ஒருநாள் கை அடியோடு எழாமல் போகும் என்ற பயம் அவனுக்கு இருந்தது. மத்தளத்தைத் தவிர அந்தக் கைகளுக்கு வேறு எதுவும் தெரியாது.

அந்த நாள் துர்கா பூஜை சமயத்தில் வந்தது. சங்கக் கூடத்தில் நிகழ்ச்சி, வரிசையாக நாற்காலிகள். கச்சேரி கேட்டுப் பழகிய கூட்டம் தொடையில் தாளம் போட்டது. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கலைஞனுக்குத் தரும் மரியாதை ஆடாமல் அசையாமல் இருப்பது என்று அவர்கள் நினைத்தார்கள். எழுந்து வாருங்கள் என்று அழைப்பது விருந்தாளிக்கு அழகல்ல என்று அவன் நினைத்தான். மேடையில் மாணவிகள் ஆட ஆடப் புதிதானார்கள். செலோமின் வலது கை மத்தளத்தின் மேல் விழுந்தது, பிறகு எழவில்லை. இடது கையும் தொடர்ந்தது.

அவனுடைய முதல் மாணவியும் துறைமுக அலுவலக ஊழியருமான சாதனா ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடிவந்தாள். வங்காள வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் பெயரோடு ‘தா’ சேர்த்துத்தான் அவனைக் கூப்பிடுவாள். "செலோம்தா, என்ன ஆச்சு? டாக்டரைக் கூப்பிடவா?"

"வேண்டாம். எங்க ஊர்ல நாற்காலி கிடையாது, சாதனா. பார்க்கறவங்க வட்டத்துக்குள்ள வந்துடுவாங்க. அலுப்பு பங்கு போயிடும்."

"இத்தனை நாளா வாயில கொழுக்கட்டையா?"

"உட்கார்ந்தவங்களை எப்படி எழுப்பறது? கூச்சமா இருந்தது."

மத்தளத்துக்கு முன்னால் இருந்த மைக் இதையெல்லாம் கூடத்துக்குச் சொல்லிவிட்டது. பிறகு வைத்தியநாதன் எழுந்தார். "கூச்சமாம், மானத்தை வாங்கறான்" என்று முணுமுணுத்து, வேட்டியை மடித்துக் கட்டி, ஆட்டம் போலவும் வழுக்கல் போலவும் ஒரு சுற்று வந்தார். மூட்டை மூட்டையாகச் சுமை ஏற்றியதுபோல் அவர் தோள் கனத்தது. அதே நேரத்தில் செலோமின் விரல்கள் அசைந்தன. அவருக்குப் பின்னால் பக்கத்துத் தெரு வங்காளிகள், பிறகு சங்கச் செயலாளர் துரைசாமி. நாற்காலிகள் சுவரோரம் போயின. கை எழுந்தது.

அன்று முதல் ஆடினாலும் சரி, பார்த்தாலும் சரி, ஆளுக்கொரு பங்கு. திங்கட்கிழமைகளில் அந்த வட்டாரத்தில் கடைக் கதவுகள் தாமதமாகத் திறக்கின்றன. பேரம் பேச ஒருவருக்கும் தெம்பில்லை. செலோமுக்கும் அலுப்பு உண்டு, தன்னுடையது மட்டும்.

சென்ற மாதம் மாற்றலாகி வந்த அதிகாரியின் மனைவி லக்ஷ்மி சங்க அலுவலகத்துக்கு வந்து, ஞாயிறன்று கூடத்துக்கு எதிர் வீட்டு பால்கனியில் நின்று ஆட்டம் பார்த்ததிலிருந்து கால் கெஞ்சுகிறது, இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லையா என்று கேட்டாள்.

"தண்ணி நல்ல தண்ணிதாம்மா" என்றார் துரைசாமி. "அங்கேருந்து பார்த்தா அலுப்பு மட்டும்தான் வரும். அடுத்த வாரம் கீழ வந்துடுங்க."

எத்தனை மணிக்கு என்று மட்டும் லக்ஷ்மி கேட்டாள்.