வேலைக்கு வந்த அம்மா

ஆற்றுத் தண்ணீரைப் பக்கத்து மாநிலத்துக்குத் திறந்துவிடச் சொல்லித் தீர்ப்பு வந்த அன்று, கண்ணாடிக் கடைக்காரர் மதியமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். வழியில் அந்த மாநில நம்பர் போட்ட லாரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அணைக்க வேண்டியவர்களே கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள்.

மாடி வீட்டில் அவர் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். துணைக்கு வந்திருந்த மாமியார் அந்த மாநிலத்துக்காரி. மனைவி இங்கேயே படித்தவள். இந்த ஊர் பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாமியாருக்கோ கேட்டால் பாதி புரியும், பேச ஒரு சொல் வராது.

"யார் வந்தாலும் வாயைத் திறக்காதீங்க, அத்தை" என்று அவள் பாஷையிலேயே சொன்னார்.

"பேரனைக் கொஞ்சவே நேரம் பத்தல. ஊர்க்காரங்ககிட்ட எனக்கென்ன பேச்சு, மாப்பிள்ளை?"

அவள் ஊரில் அவள் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. புருஷன் போன பின் தனியாளாக வயலைக் கட்டி ஆண்டவள். இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வராமல் நாற்று கருகிப்போனதை வந்த அன்றே சொன்னாள். மருமகன் மனம் நோகக் கூடாதென்று, வானத்தின் மேல் பழிபோட்டுச் சொன்னாள்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் தெருக்காரர்கள் மூன்று பேர், பின்னால் கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா. மறுநாள் மறியலுக்கு ஆள் கூப்பிட வந்திருந்தார்கள். ஒருவன் கண் கூடத்தில் நின்ற மாமியார் மேல் போனது.

"இது யாரு? புதுசா இருக்காங்க?"

கண்ணாடிக் கடைக்காரரின் நாக்கு தானாகவே புரண்டது. "வேலைக்கு வந்த அம்மா. பாவம், வாய் பேச வராது."

மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்தாள். புரிந்துவிட்டது. மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துக் குனிந்து கூட்ட ஆரம்பித்தாள்.

அத்தோடு போயிருக்கலாம். வீட்டுக்காரம்மா சும்மா இருக்கவில்லை. "நல்லா சுத்தமா கூட்டறாங்களே. எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு தம்பி, பாத்திரம் அப்படியே கிடக்கு. கொஞ்சம் அனுப்பேன்."

முடியாது என்று சொல்ல ஆயிரம் சாக்கு இருந்தது. அவர் தலையை ஆட்டினார்.

மாமியார் படியிறங்கிப் போனாள். கீழே பாத்திரம் தேய்க்கும் சத்தம் மாடிவரை கேட்டது. உள்ளறையில் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழந்தை அழுதது, அவர் தூக்கப் போனபோது, "வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மாமியார் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி திரும்பி வந்தாள். அவர் எழுந்து நின்றார். "அத்தை, எனக்கு வேற வழி..."

அவள் அவரைத் தாண்டிப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கீழ்வீட்டுலயும் குழாய்ல நூலாட்டந்தான் தண்ணி வருது" என்று மகளிடம் சொன்னாள்.

நின்றிருந்த பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் மாமியார் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தாள். வேலைக்காரி பையை எஜமான் தூக்கினால் என்ன நினைப்பாள் என்று அவர் கை நீட்டவில்லை. தெருமுனை திரும்பியதும் நீட்டினார். மாமியார் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள்.

அப்புறம் அவள் வரவில்லை. மனைவிதான் குழந்தையோடு போய்வந்தாள். "அத்தை எப்படி இருக்காங்க?" என்று அவர் கேட்டால், "இருக்காங்க" என்பாள்.

கலவரம் ஓய்ந்து, குழந்தை தவழ ஆரம்பித்திருந்த சமயம் வீட்டுக்காரம்மா கேட்டாள்: "அந்த ஊமை அம்மா இப்ப வர்றதில்லையா? தங்கமான மனுஷி."

இந்த முறை அவரால் மென்று விழுங்க முடியவில்லை. "அவங்க என் மாமியார்மா. அந்தப் பக்கத்துக்காரங்க. நல்லாவே பேசுவாங்க."

வீட்டுக்காரம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்துபோயிற்று. "பிள்ளை பெத்தவளைப் பாக்க வந்த அவ அம்மாவையா நான் பாத்திரம் தேய்க்க வச்சேன்?" பிறகு, "அந்த ஆளுங்க முன்னாடி வேணாம், தனியா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் காட்டியா குடுத்திருப்பேன், தம்பி?" என்றாள்.

காட்டிக் கொடுத்திருப்பாளா, மாட்டாளா என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் கேட்டுப் பார்க்கவே இல்லை.