குடிக்கிற தண்ணீரைத் தெளித்தவள்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. முன் இருக்கையில் ஒரு பெண்குரல்: "குடிக்க வச்சிருந்த தண்ணி மொத்தத்தையும் செடிக்குத் தெளிச்சிட்டேன்." அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டாள். முகம்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கதைகள் காதில்தான் விழும். மிச்சத்தை இட்டுக்கட்ட வேண்டியது என் பாடு.

2

தொடக்கம்: 'ஆழ்துளைக் கிணறு உப்பாகிப்போன அந்த வருடம், மிளகாய் வயலின் மேல் சூரியன் ஒரு'

வேண்டாம். சூரியனை விட்டுவிட்டு, பேருந்துப் பெண்ணை ஒரு தம்பிக்கு அக்காளாக்கிப் பேச விடுகிறேன்.

"பத்து நாள் குடுடா. அப்புறம் செடியைப் பிடுங்கி உழுதுக்கோ."

"இலை ஓரமெல்லாம் கருகிப்போச்சு. இன்னும் எதுக்குக்கா?"

"உப்புத் தண்ணியில வேர் சரியா சாப்பிட மாட்டேங்குது. இலை வழியா ஊட்டிப் பாப்போம்."

"ஊட்டு, ஊட்டு. அப்படியே தாலாட்டும் பாடு!"

அவள் உரத்தூளைக்* கரைத்துக் கைத்தெளிப்பானில் ஊற்றி, நாலு வரிசை தெளித்தாள். மூன்றாம் நாள் அந்த நாலு வரிசைதான் அதிகம் கருகியிருந்தது.

(*இதன் பெயரை மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பெயர் சொன்னார்கள்.)

3

சொட்டு காய்ந்த இடமெல்லாம் இலையில் வெள்ளை வெள்ளையாக உப்பு. உரத்தைக் கரைத்ததே கிணற்றுத் தண்ணீரில்!

(முதலில் இந்தத் தவறைத் தம்பி தலையில் கட்டியிருந்தேன். "செஞ்சது நான். அவன்மேல எதுக்குப் போடுறீங்க?" என்றாள் அக்காள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

4

மறுநாள் வெயில் ஏறுமுன் சமையலறையிலிருந்த இரண்டு கேன் குடிநீரும் தெளிப்பானுக்குப் போயின. மத்தியானம் தம்பி வந்து கேனைச் சாய்த்தான். காலி.

"தண்ணி எங்கக்கா?"

"செடிக்குப் போயிருச்சு."

"அப்ப நான் எதைக் குடிக்க?"

"கிணத்துத் தண்ணி இருக்கே."

வீம்புக்கு ஒரு மடக்கு குடித்துத் துப்பினான். "தூ! கரிக்குது!"

"அந்தச் செடி தினம் அதைத்தான் குடிக்குது. ஒரு நாளாவது துப்புச்சா?"

தம்பி வாயைத் துடைத்துக்கொண்டான்.

5

முடிவு இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் செடி பூத்துக் குலுங்கியது. உரக்கடைச் சுவரொட்டி மாதிரி இருந்தது. இன்னொன்றில் தம்பி உழுதுவிட்டான். அக்காள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஆகவே பத்தாம் நாள் காலை. இருவரும் வரப்பில் நிற்கிறார்கள். தளிர் விட்டிருக்கிறதா? எனக்குத் தெரியாது, கேட்க மட்டும்தான் முடியும். டிராக்டர் சத்தம் இன்னும் வரவில்லை. தம்பி தொண்டையைச் செருமுகிறான்.

"அக்கா, இன்னொரு கேன் தண்ணி இருக்கா?"

"குடிக்கவா, தெளிக்கவா?"

அவன் ஏதோ சொன்னான். அதற்குள் பேருந்து இரைச்சலோடு கிளம்பிவிட்டது, என் காதில் விழவில்லை. நீங்கள்தான் கிட்டத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்; என்ன சொன்னான்?