கண் படாத பிள்ளை

காலையில் வேலைக்குப் போகும்போது ஷவ்கி தன் வீட்டுக் கதவைத் தானே திறப்பதில்லை. அவன் மனைவி இன்ஸாஃப் முதலில் கதவிலுள்ள துளையில் கண்ணை வைத்து மாடிப்படியைப் பார்ப்பாள். மேலேயும் கீழேயும் யாரும் இல்லை என்று உறுதியானதும் தாழ்ப்பாளை நீக்கி, ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு மட்டும் திறப்பாள்.

"சீக்கிரம் போங்க. நின்னு பேசாதீங்க."

"எங்க பேசுறேன்? ஜெயில்லேருந்து தப்பிச்சு ஓடுற மாதிரி தினமும் ஒருக்களிச்சுப் போறேன். எனக்குத் தொப்பை விழுந்துச்சுன்னா அப்புறம் உள்ளயே கெடக்க வேண்டியதுதான்."

அவள் சிரிக்கவில்லை. அவன் முதுகு மறைவதற்குள் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். பலகைகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று தட்டிப் பார்த்தாள். நேற்றும் பார்த்ததுதான், முந்தின நாளும் பார்த்ததுதான். எகிப்தின் தும்யாத் நகரத்தில் அந்தச் சந்து முழுக்கத் தச்சுப் பட்டறைகள், ஷவ்கிக்கும் அவற்றில் ஒன்றில்தான் வேலை. ரம்பம் அறுக்கும் சத்தமும் வார்னிஷ் வாசனையும் எந்தப் பலகையையும் மீறி உள்ளே வந்துவிடும். வெயில் மட்டும் வராது.

அந்த அரை இருட்டில், கம்பளத்தின் மேல், அவர்களுடைய மகன் உட்கார்ந்திருந்தான். இரண்டரை வயது. அவன் பெயர் ஷஹாத்தா, பிச்சைக்காரன் என்று அர்த்தம். பிள்ளை தங்காத வீட்டில் இப்படிப் பெயர் வைத்தால் கெட்ட கண் மதிக்காமல் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. ஊர் வழக்கப்படி இன்ஸாஃபை உம்மு ஷஹாத்தா, ஷஹாத்தாவின் அம்மா, என்றும் ஷவ்கியை அபு ஷஹாத்தா, அவன் அப்பா, என்றும் அழைத்தார்கள்.

இன்ஸாஃபுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் மாதத்திலேயே கலைந்தது. அடுத்தது பிறந்து, சந்துப் பெண்களெல்லாம் வந்து கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிவிட்டுப் போன வாரத்தில் காய்ச்சல் கண்டு இறந்தது. மூன்றாவது தடவை வயிற்றில் தங்கியபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. தொளதொளவென்ற அங்கியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அடைந்தாள். மருத்துவமனைக்கு ஒரே ஒரு முறை போய்விட்டு, காத்திருந்த பெண்கள் வயிற்றையே பார்த்தார்கள் என்று திரும்பி வந்தவள் பிறகு போகவே இல்லை. பிள்ளை பிறந்த ஏழாம் நாள் சல்லடையில் வைத்து ஆட்டி, உரலை இடித்துச் சத்தமெழுப்பிக் கொண்டாடுவது ஊர் வழக்கம். இவர்கள் வீட்டில் உரலைத் துணி சுற்றி இடித்தார்கள்.

தடுப்பூசிக்கு மட்டும் போர்வையில் சுற்றி, கூட்டம் சேரும் முன் போய் வந்தாள். அங்கே ஒரு நர்ஸ், "முகத்தத் தெறந்து விடும்மா, புள்ளைக்குக் கொஞ்சம் வெயில் காட்டு" என்றாள். இவள் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டு நடையைக் கட்டினாள். கடைசி ஊசியோடு அந்த வெளியுலகமும் முடிந்தது. அதன் பிறகு அவன் குடித்தது தாய்ப்பால், தின்றது தேநீரில் நனைத்த ரொட்டி, பார்த்தது இரண்டு முகங்கள்.

அவன் நடக்கவில்லை. பிடித்து நிறுத்தினால் கால்கள் வில்லைப் போல வெளிப்பக்கமாக வளைந்தன, உடனே அழுதான். அம்மா, தண்ணி என்பதற்கு மேல் பேச்சில்லை. "பெரிய எலும்பு, மெதுவாத்தான் நடப்பான். நீங்களே லேட்டாத்தான் பேசினீங்களாம்" என்று இன்ஸாஃப் கணவனிடம் சொல்வாள். அவன் மகனின் காலைத் தடவிக்கொண்டிருப்பான். பிறகு எழுந்து கை கழுவப் போவான்.

எதிர் வீட்டில் ரத்தீபா இருந்தாள். ஐம்பதை நெருங்கும் விதவை, பிள்ளை பெறாதவள். சாம்பல் நிறக் கண்கள். சந்தில் யார் வீட்டுக் குழந்தை என்றாலும் தூக்கிக் கொஞ்சுவாள். அவள் போன பிறகு அம்மாக்கள் குழந்தையின் தலையைச் சுற்றி உப்புப் போடுவார்கள். அது அவளுக்கும் தெரியும்.

அன்று ஷவ்கி மன்ஸூரா நகரத்துக்கு ஒரு படுக்கையறைச் சாமான் செட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். முற்பகலில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மறந்துபோன எதையோ எடுக்கக் கணவன்தான் திரும்பியிருக்கிறான் என்று நினைத்து, துளையில் பார்க்காமலே இன்ஸாஃப் திறந்துவிட்டாள். ரத்தீபா நின்றாள். கையில் ஒரு தட்டு, அதில் ஜிலேபி போலப் பின்னிய, பாகு சொட்டும் முஷப்பக்.

"உம்மு ஷஹாத்தா, என் தங்கச்சி மக பாஸ் பண்ணிட்டா. இந்தா, ஒரு வாய்..." என்றவளின் பார்வை இன்ஸாஃபின் தோளைத் தாண்டிக் கம்பளத்துக்குப் போனது. "அடியாத்தே! எவ்வளவு பெரிய கண்ணு இவனுக்கு!"

அவ்வளவுதான். இன்ஸாஃப் தட்டைக்கூட வாங்காமல் கதவை அறைந்து சாத்தினாள்.

அதற்குப் பிறகு அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்படிக்குப் போனாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பினாள். மகனின் நெற்றியைத் தொட்டாள், பாதத்தைத் தொட்டாள். சாம்பிராணி போட்டாள். கணவனுக்கு போன் செய்தாள். லாரி இரைச்சலில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகன் ரொட்டியைத் துப்பினான். பார்த்தாயா, ஆரம்பித்துவிட்டது என்று அவள் மனம் சொன்னது. அவன் பல நாளாகவே ரொட்டியைத் துப்பிக்கொண்டிருந்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

நடுப்பகல் தொழுகை அழைப்பு முடிந்த சற்று நேரத்தில் ஷஹாத்தாவின் கைகள் விறைத்தன. கண் மேலே சொருகியது. உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது.

இன்ஸாஃப் அலறவில்லை. அலறினால் ஆள் வருவார்கள், ஆள் வந்தால் பார்ப்பார்கள். இழுப்பு நின்று மகன் துவண்டதும், ஒரு தாளைக் கத்தரித்து மனித உருவமாக்கினாள். ஊசியை எடுத்து, "ரத்தீபாவோட கண்ணுல, ரத்தீபாவோட கண்ணுல" என்று குத்தினாள். குத்திய பொம்மையை எரித்தால் கண்ணேறு எரிந்துபோகும். தீப்பெட்டியைத் தேடினாள். அவசரத்தில் குச்சிகள் தரையில் சிதறின. அதைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் இழுப்பு வந்தது. இந்த முறை நிற்கவில்லை. உதடு நீலம் பாரித்தது.

யாரைக் கண்டு இத்தனை நாள் கதவைச் சாத்தி வைத்தாளோ, அந்த வீட்டுக் கதவையே அவள் இரண்டு கையாலும் அடித்தாள்.

ரத்தீபா ஓடி வந்தாள். கம்பளத்தில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் கிடந்த தாள் பொம்மையையும் பார்த்தாள். அதன் முகம் முழுக்க ஊசித் துளைகள். அது யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் முகம் ஒரு கணம் வெளுத்தது.

"அத அப்புறம் எரிச்சுக்க. மொதல்ல புள்ளயக் குடு."

மூடிய போர்வை இல்லாமல், நடுப்பகல் வெயிலில், சந்து முழுக்கப் பார்க்க, ஷஹாத்தா முதல் தடவையாக வெளியே வந்தான். பட்டறைகளில் ரம்பங்கள் நின்றன. "வழி விடுங்கடா!" என்று ரத்தீபா கத்திக்கொண்டே ஓடினாள். ஒரு டுக்டுக் ஆட்டோ ஓட்டுநர் ஏற்கெனவே ஏறியிருந்தவரை இறக்கிவிட்டு இவர்களை ஏற்றிக்கொண்டான். இன்ஸாஃப் வழியெல்லாம் தன் தலைத்துணியால் பிள்ளையின் முகத்தை மூடப் பார்த்தாள். ரத்தீபா அவள் கையைத் தட்டிவிட்டாள். "மூச்சு முட்டும்டி!"

மருத்துவமனையில் நரம்பில் மருந்து ஏற்றிய பிறகுதான் இழுப்பு அடங்கியது. மர்வத் என்ற குழந்தை மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிள்ளையின் மணிக்கட்டை அழுத்தினார், காலை நீட்டி மடக்கினார், காதருகே கை தட்டினார். அவர் பக்கத்தில் போனாலே அவன் வீறிட்டான். புது முகம் எதைக் கண்டாலும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எப்ப உக்காந்தான்? நடக்கவே இல்லையா? மத்த புள்ளைங்களோட வெளையாடியிருக்கானா?"

"மத்த புள்ளைங்கள அவன் பாத்ததில்ல டாக்டர்" என்றாள் இன்ஸாஃப். பிறகு ரத்தீபாவைத் திரும்பிப் பார்க்காமல், மெல்லிய குரலில், "காலையில கண்ணு பட்டுருச்சு" என்றாள்.

மருத்துவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "இது கண்ணேறு இல்லம்மா, வெயிலேறாத நோய். எலும்பு கெட்டிப்பட வெயில் வேணும். வெயில் படலைன்னா தின்ன சுண்ணாம்புச் சத்து உடம்புல ஒட்டாது. இவனுக்கு ரத்தத்துலயே அது வத்திப்போச்சு, அதனாலதான் இழுப்பு. இது இன்னிக்குக் காலையில வந்தது இல்ல. நீ வயித்துப்புள்ளக்காரியா இருக்கும்போது வெளிய வந்தியா?"

"இல்ல."

"அப்ப அங்கேருந்தே ஆரம்பிச்சிருக்கு. ஒன் உடம்புல இருந்தாத்தானே அவனுக்குக் குடுப்ப? கரு உருவான நாள்லேருந்து நீ தின்னது, நீ நின்ன வெயில், நீ பயந்த பயம் எல்லாத்துலயும் அவனுக்குப் பங்கு இருக்கு."

"கால் நேராகுமா?"

"மருந்தும் வெயிலும் சாப்பாடும் ஒழுங்கா குடுத்தா பெரும்பாலும் நேராகும். பேச்சத்தான் என்னால இப்ப சொல்ல முடியாது. காது நல்லாத்தான் கேக்குது. ஆனா பேச்சுங்கிறது வயித்துலேருந்து கொண்டு வர்றதில்ல. நாலு பேரு பேசுறதக் கேட்டு, நாலு புள்ளைங்களோட அடிச்சுப் புடிச்சு வெளையாடி வர்றது. அத நான் ஊசியில ஏத்த முடியாது."

ஷவ்கி வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகியிருந்தது. கையிலெல்லாம் மரத்தூள். கட்டிலில் கிடந்த மகனைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டான். அதுவரை வாசலோரம் நின்றிருந்த ரத்தீபா அவனிடம் போனாள்.

"பலகையில கோணல் இருந்தா தடவியே கண்டுபுடிப்பியே, அபு ஷஹாத்தா. பெத்த புள்ள கால் கோணல் ஒன் கைக்குத் தெரியலையா?"

அவன் கையிலிருந்த மரத்தூளைத் தட்டினான். "தெரிஞ்சுது. சொன்னா அவ ஒடஞ்சு போயிருவாளேன்னு சும்மா இருந்தேன்."

"நல்லா இருந்த, சும்மா" என்று சொல்லிவிட்டு ரத்தீபா வீட்டுக்குப் போனாள்.

மகனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இன்ஸாஃப் ஜன்னல்களைத் திறந்தாள். ஆனால் பயம் பலகை அல்ல, கொண்டியைத் தட்டினால் திறப்பதற்கு. படியில் காலடி கேட்டால் அவள் இன்னும் திடுக்கிட்டாள். காலை வெயிலுக்கு மகனை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போவாள். வெளிச்சம் தாங்காமல் அவன் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அவளுக்கும் யாராவது பார்க்கிறார்களோ என்று கழுத்தைத் திருப்பித் திருப்பி வலி எடுக்கும்.

ரத்தீபா அந்தப் பக்கமே வரவில்லை. கடைசியில் இன்ஸாஃப்தான் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டினாள்.

"அக்கா, நான் செஞ்சது..."

"பொம்மைக்கு ஊசி குத்தினதத்தானே சொல்ற?" ரத்தீபா கதவை விட்டு நகரவில்லை. "நீ மட்டுமா குத்தின? நான் கொஞ்சிட்டுத் திரும்பினா முதுகுக்குப் பின்னால உப்பு விழுற சத்தம் எனக்குக் கேக்காதுன்னு இந்தச் சந்துல எல்லாரும் நெனைக்கிறாங்க. எனக்குப் புள்ள இல்ல, சரி. ஆசையா ஒரு தடவ பாக்குறதுக்குக்கூடவா உரிமை இல்ல?"

இன்ஸாஃப் இடுப்பிலிருந்த மகனை எடுத்து ரத்தீபாவின் பக்கம் நீட்டினாள். அவன் கால்களை உதைத்துக்கொண்டு அழுதான்.

"அழுவுறானே" என்றாள் ரத்தீபா.

"அழட்டும். பழகட்டும். வாங்கிக்கங்க அக்கா."

ரத்தீபா வாங்கிக்கொண்டாள். "மறந்துட்டேன்னு மட்டும் நெனைக்காத" என்றாள். ஆனால் அவள் கை அதற்குள் பிள்ளையின் முதுகைத் தட்ட ஆரம்பித்திருந்தது.

குளிர்காலம் வந்து, போனது. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து சந்து நிரம்பியிருந்த நேரம். பட்டறை வாசலில் கிடந்த மரச்சுருள்களைத் தலையில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இன்ஸாஃப் மகனைக் கீழே இறக்கி விட்டாள். முன்பெல்லாம் அவளுடைய அங்கியை விடாமல் பிடித்துக்கொள்பவன், இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால் இன்னும் லேசாக வளைந்துதான் இருந்தது. ஒரு சிறுமி வந்து அவன் தலையில் ஒரு பிடி மரச்சுருளைக் கொட்டினாள். அவன் உதடு அழுவதற்குப் பிதுங்கியது. பிறகு, என்ன தோன்றியதோ, சுவரை விட்டான். தள்ளாடி ஓரடி, இன்னும் ஓரடி வைத்து, அந்தச் சிறுமியின் சட்டையைப் பிடித்து, "இன்னும்!" என்றான்.

வீட்டில் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்காத வார்த்தை அது. விளையாடுகிற பிள்ளைகளிடமிருந்து அவன் எடுத்துக்கொண்டது. ஷவ்கி பட்டறை வாசலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மாவு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு புது மருமகள் நின்று பார்த்தாள். அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. சால்வையால் அதை இழுத்து மூடியிருந்தாள். "உம்மு ஷஹாத்தா, இத்தன பேருக்கு நடுவுல புள்ளய விட்டிருக்கீங்களே, எல்லாரும் பாக்குறாங்க, பயமா இல்ல?" என்று கேட்டாள்.

இன்ஸாஃப் மகனை விட்டுப் பார்வையை எடுக்காமலே சொன்னாள்:

"பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும். கண்ணு படாம வளக்குறேன்னு வெயிலு படாம, காத்து படாம, மனுஷ வாடையே படாம வளத்தேன். ஒரு கண்ணும் அவனுக்குக் கெடுதல் பண்ணல. என் பயம்தான் பண்ணுச்சு. வயித்துல உருவான நாள்லேருந்து புள்ளைக்கு வெளிச்சம் வேணும், நல்ல சாப்பாடு வேணும், வைத்தியம் வேணும், நாலு மனுஷங்க வேணும். ஒளிச்சு வச்சா புள்ள தங்கும், வளராது. நீ மொதல்ல அந்தச் சால்வைய எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போ."