மனு போடக் காசு கொடுத்தவன்

பகலெல்லாம் அயனம்பாக்கம் ஏரிக் கோரைக்குள்ளேதான் கிடந்தேன். பொழுது விழுந்தால்தான் வீடு. கடனுக்காகப் பிடிக்க வருகிற கோர்ட்டு அமீன் பொழுது விழுந்த பிறகு வீட்டுக்குள் நுழையக்கூடாதாம். சட்டம் எனக்குச் செய்த நல்லது அது ஒன்றுதான்.

நெல் விலை சரிந்த வருசம் பூந்தமல்லி மண்டி உலகநாதனுக்குக் கட்ட வேண்டிய கடன் நின்றுபோனது. அவன் கோர்ட்டில் என் மேல் டிக்கிரி வாங்கினான். என்னை ஜெயிலில் போட வாரண்டும் வாங்கிவிட்டான். எங்கள் ஊரில் முன்பு அப்படிப் போனவன் ஒருத்தன் இருமிக்கொண்டே திரும்பி வந்தான். வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடினால் அவன் இருமல்தான் எனக்குக் கேட்கும்.

தப்பிக்க ஒரே வழி, கட்டக் காசில்லை என்று கோர்ட்டில் போடுகிற திவால் மனு. என் சம்சாரம் முத்தம்மாள் பூந்தமல்லிக்கு நடந்துபோய் வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டுவிட்டு வந்தாள்.

"ஸ்டாம்புக்கு, நோட்டீசுக்கு, வக்கீலுக்குன்னு காசு வோணுமாம்யா."

"காசு இல்லேன்னு சொல்றதுக்கே காசா?"

"நானும் அத்தான் கேட்டேன். சிரிக்கிறான், கட்டைல போறவன்."

பங்காளி வீடுகளில் கேட்டாள். கதவைச் சாத்தினார்கள். திவாலாகப் போகிறவனுக்கு எவன் கொடுப்பான்? நானாக இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.

மறுநாள் கோரைக்குள் ஒரு தலை தெரிந்தது. அமீன்தான் என்று குனிந்தேன். பார்த்தால் ஜேசுராஜ், பாடியில் வண்டிப் பட்டறை வைத்திருப்பவன். என் வண்டிக்குச் சக்கரம் போட்ட கூலி அவனுக்கும் பாக்கி.

"பயந்துக்காதே அண்ணாத்தே. அண்ணிதான் எடத்த சொல்லுச்சு. மனுச் செலவு நான் தரேன்."

"இன்னாத்துக்கு? உன் பாக்கியும் சேந்து முழுகவா?"

"உலகநாதன் தனியா வந்தா உன் நெலத்த முழுசா வாரிக்கினு பூடுவான். திவால்ல கோர்ட்டு வித்தா எல்லாருக்கும் பங்கு. எனக்கும் நாலு காசு வரும். உன் மேல பாசம்னு நெனச்சிக்கினியா?"

பாசம் என்று சொல்லியிருந்தால் துரத்தியிருப்பேன். தன் பங்குக்காக வருகிறான் என்றதும்தான் காது கொடுத்தேன்.

"சொத்து எதயும் மறைக்கக் கூடாது. ஆமா, மாடு எங்க?"

உழவு மாடு இரண்டையும் அண்ணனூரில் மகள் தாட்சாயிணி வீட்டில் ஒளித்து வைத்திருந்தேன். அவன் என் மூஞ்சியைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"ஒளிச்சிட்டியா? அட கிறுக்கா! உழவு மாட்ட ஜப்தி பண்ணவே முடியாது. ஒளிச்சதுக்குத்தான்யா உள்ள தள்ளுவான்."

யாரும் தொட முடியாததைத்தான் ஒளித்து வைத்திருக்கிறேன். மாடு திரும்பி வந்தாக வேண்டும். இருட்டில் ஓட்டினால் மாட்டுத் திருடன் என்று தலையாரி பிடிப்பான். பகலில் ஓட்டினால் அமீன்.

"நான் ஓட்டியாரேன்," என்றான் ஜேசுராஜ்.

பாக்கி கேட்கிறவன் கையிலா மாட்டைக் கொடுப்பது? அப்படியே சந்தைக்கு ஓட்டிப்போய்விட்டால் நான் யாரிடம் போய் அழுவேன்? ஆனால் வேறு ஆள் இல்லை. மகள் நம்புவதற்காக என் வெற்றிலைப் பையை அவிழ்த்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு மதியம் அமீன் ஏரிக்கரைக்கே வந்துவிட்டான். எருமை மேய்க்கிறவனை நிறுத்தி என் பெயரைச் சொல்லிக் கேட்டான். கழுத்தளவு தண்ணீரில் இறங்கி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கால் விரலை ஏதோ கடித்தது. அசையவில்லை. ஜேசுராஜ்தான் ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டானா? மாட்டுக்கு மாடும் போய், ஜெயிலுக்கும் போகப் போகிறேனா? அமீன் காறித் துப்பிவிட்டுப் போனான். நான் பொழுது விழும்வரை தண்ணீரை விட்டு ஏறவில்லை.

ஈரத் துணியோடு வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் இரண்டு உருவம் அசை போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜேசுராஜ், கையில் குமாஸ்தா எழுதிக் கொடுத்த மனுக் காகிதம்.

நான் நேரே மாட்டிடம் போனேன். கொம்பைத் தடவினேன். நுனி ஒடிந்த கொம்பு, அது என்னுடையது. மற்றதன் கழுத்தில் நுகத்தடித் தழும்பு, அதுவும் என்னுடையதுதான்.

"நல்லா பாத்துக்கோ அண்ணாத்தே. மாத்தி கீத்தி வச்சிருக்கப் போறேன்," என்றான் அவன்.

"காயிதத்துல இன்னா எழுதிக்கீதுன்னு படிக்கத் தெரியாத எனக்கு எப்டித் தெரியும்?"

"ரெண்டு உழவு மாடுன்னு எழுதிக்கீது. என் பாக்கியும் எழுதிக்கீது. வேற இன்னா?"

வெளியே நாய் குரைத்தது. முத்தம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரேகை வைக்கப் பெருவிரலை நீட்டினேன்.