நடுவில் மூன்று மைல்

ராக்னாவின் சமையலறை ரஷ் க்ரீக்கில் இருந்தது. அதை ஒட்டிய கூடம் மூன்று மைல் தள்ளி கேஸ்வெல்லில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அயோவாவில் எங்கள் வட்டத்துக்கு ரயில் வந்த வருஷம் இது நடந்தது. பாதையை ரஷ் க்ரீக்கை விட்டு விலக்கிப் போட்டுவிட்டார்கள், ரயில் தொடாத ஊரின் கதி எல்லோருக்கும் தெரியும். ஆகவே பிப்ரவரியில் தரை பனியில் இறுகியதும் ஜனங்கள் கடை, அஞ்சலகம், மதுக்கடை என்று ஒவ்வொன்றாக உருட்டுக்கட்டைகள் மேல் ஏற்றி, எருதுகளைப் பூட்டி, புது ரயிலடிக்கு இழுத்துப் போனார்கள். நாவிதர் கடை நகர்ந்துகொண்டிருக்கும்போதே உள்ளே நாலு பேருக்கு முடிவெட்டி முடித்தார் என்கிறார்கள். அதையாவது நம்பலாம்.

குதிரைச் சேணம் தைக்கும் ஹால்வரும் கிளம்பத் தயாரானான். அவன் மனைவி ராக்னா அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“நார்வேயிலேர்ந்து கப்பல் ஏறி வந்தேன். அப்புறம் விஸ்கான்சின், அப்புறம் மினசோட்டா, அப்புறம் இங்க. ஒவ்வொரு தடவையும் இதான் கடைசின்னீங்க. இனிமே நான் ஓரடி நகர மாட்டேன்.”

“நான் மட்டும் போனா, பெண்டாட்டியை விட்டுட்டுப் போனான்னு ஊர் பேசும்.”

“பேசட்டுமே. நிஜந்தானே.”

இருவருக்குமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசியில் தச்சர்களை வரவழைத்து வீட்டை நடுவே ரம்பத்தால் அறுத்தார்கள். கூடமும் படுக்கையறையும் கதவோடு சேர்ந்து கேஸ்வெல்லுக்குப் போயின. சமையலறையின் வெட்டுவாயைப் பலகை அடித்து மூடினார்கள். மறுநாள் காலையில் ஹால்வர் பழக்கதோஷத்தில் காப்பி குடிக்கலாமென்று கதவைத் திறந்தான், ராக்னாவின் அடுப்பு முன்னால் வந்து நின்றான். அறுபட்ட சேதி வீட்டுக்கே தெரியவில்லை போலிருக்கிறது. “ஆறிப்போச்சு,” என்று சொல்லிக் காப்பியை நீட்டினாள் ராக்னா.

அன்றுமுதல் மூன்று வேளையும் சாப்பிட வந்தான், தூங்க அந்தப் பக்கம் போனான். அவள் பரணில் படுத்தாள். அவள் மட்டும் அந்த நிலைப்படியைத் தாண்டவே இல்லை, தாண்டினால் கேஸ்வெல்லுக்குக் குடிபோனதாக ஆகிவிடும். மற்றவர்களுக்கு அந்த வைராக்கியம் கிடையாது. பனிக்காலத்தில் டாக்டர் அந்த வழியாகத்தான் ரஷ் க்ரீக் நோயாளிகளைப் பார்க்கப் போனார், பூட்ஸைத் துடைக்காமல் போனதற்காகத் திட்டும் வாங்கினார். ஜனத்தொகை எடுக்க வந்தவர் கேஸ்வெல்லில் இருவர், ரஷ் க்ரீக்கில் இருவர் என்று எழுதிக்கொண்டு போனார். அந்தப் பதிவேட்டைப் புரட்டுகிறபோதெல்லாம் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கிறது.

மூன்றாம் வருஷம் ராக்னா விவாகரத்துக்கு மனுப் போட்டாள். கணவன் கைவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆனால் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. வேறு கல்யாணம் செய்யும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. போனது யார் என்று ஒரு காகிதத்தில் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான்.

“ஏம்மா, தினம் உன் கையால சாப்பிடறவரை ஓடிப்போனவர்னு நான் எப்படி எழுதறது?” என்றார் நீதிபதி.

“சாப்பிடத்தான் வர்றாருங்க. வீட்டுக்கு வரலை.”

நீதிபதி நேரில் பார்க்க வந்தார். ரஷ் க்ரீக்கில் குதிரையைக் கட்டிவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தவர், கேஸ்வெல் தெருவில் வெளியே வந்து குதிரையைத் தேடினார். ‘கணவன் வீட்டை விட்டுப் போகவில்லை, வீடுதான் அவனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது’ என்று எழுதி மனுவைத் தள்ளினார். அதன்பின் ஒரு வருஷம் ராக்னா ஹால்வரோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வேளை தவறாமல் போட்டாள்.

பதினோராம் வருஷம் அக்டோபரில் மேற்கிலிருந்து புல்வெளித் தீ வந்தது. நடுப்பகல். கேஸ்வெல்லில் வானம் தெளிவாக இருக்க, கதவடியிலிருந்து புகை வந்தது. ஹால்வர் திறந்தான். சமையலறைக் கூரை எரிந்துகொண்டிருந்தது. ராக்னா சூப் பாத்திரத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“இந்தப் பக்கம் வந்துடு, ராக்னா.”

“மாட்டேன். வந்தா நானே கிளம்பி வந்ததா ஆயிடும்.”

ஹால்வர் உள்ளே வந்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் எதிரில் உட்கார்ந்தான்.

“கூரை விழப்போகுது, போங்க.”

“போக மாட்டேன். ஒரு தடவை உன்னை விட்டுட்டுப் போனதே தப்பு.”

ராக்னா அவனையே பார்த்தாள். அப்புறம் ஒரு கையில் பாத்திரம், மறு கையில் அவன் சட்டைக் காலர் என்று பிடித்து இழுத்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினாள்.

ரஷ் க்ரீக்குக்குக் குதிரையில் பறந்துபோனவர்கள் சாம்பலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்கள். ஹால்வரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கேஸ்வெல்லுக்குத் திரும்பி வந்தால், ராக்னா அங்கே அவனுக்கு சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். “கடைசியில நீயும் கேஸ்வெல்லுக்கு வந்துட்டே பாரு,” என்றார் நாவிதர்.

“நான் எங்க வந்தேன்? பக்கத்து அறையில உக்காந்திருக்கேன்,” என்றாள் ராக்னா.

“பக்கத்து அறைதான்,” என்றான் ஹால்வர்.

கதவு அதற்குப் பிறகும் ரஷ் க்ரீக்கில்தான் திறந்தது, வெறும் நிலத்தில். பனிக்காலத்துக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். வசந்தத்தில் ராக்னா அதன் வழியே போய் உருளைக்கிழங்கு நட்டாள். கூடத்தின் மூலையில் ஒரு புது அடுப்பு வந்தது. சமையலறையைத் திரும்பக் கட்டும்வரைதான் அது என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள், இருபத்தாறு வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.