எடுத்தவர் பெயர்

என் ஓரகத்தி கெட்டவள் அல்ல. என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமே அதுதான்.

இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. அவள் இரண்டாம் மாடி வார்டில் நர்ஸ்; நான் கீழே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள் என்று டாக்டர்கள்வரை அவள் பேச்சுதான். வீட்டிலும் அத்தைக்கு அவள் கொடுத்தால்தான் மாத்திரை இறங்கும். பதினோரு வருடமாக மூத்த மருமகளாக இருக்கும் நான் கொடுத்தால் கசக்குமாம்.

அந்த அத்தையே வாந்தியும் பேதியுமாகச் சின்னவளின் வார்டில் வந்து படுத்தார். சிறுநீரகம் முன்பே பலவீனம். உடம்பில் நீர் வற்றியிருந்ததால் இடது கையில் சலைன் ஏற்றினார்கள். காலை எட்டு மணி ரத்தத்தில் பொட்டாசியம் 5.4. சற்றுக் கூடுதல். பதினொன்றரைக்கு இரண்டாவது ரத்த மாதிரி குழாயில் வந்தது. மெஷினில் வைத்தேன்: பொட்டாசியம் 2.7. சரிபாதி! குளோரைடு மட்டும் 127க்குத் தாவியிருந்தது.

மூன்றரை மணி நேரத்தில் எந்த உடம்பும் இப்படி மாறாது. சலைனில் சோடியமும் குளோரைடும் உண்டு, பொட்டாசியம் கிடையாது. டிரிப் ஓடுகிற கையிலேயே, ஊசிக்கு மேலே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். குழாயில் பாதி அத்தை, பாதி உப்புத் தண்ணீர். சீட்டில் எடுத்தவர் பெயரைப் பார்த்தேன். சின்னவள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை மறைப்பானேன்?

இப்படி வந்தால் முதலில் திரையில் முடிவைப் பிடித்து வைக்க வேண்டும். பிறகு வார்டுக்குப் போன். கடைசியாகத்தான் நிராகரிப்புப் படிவம். நான் கடைசியிலிருந்து தொடங்கினேன். படிவத்தின் நகல் தலைமை நர்ஸுக்குப் போகும். 'எடுத்தவர் பெயர்' என்ற கட்டத்தில் அவள் பெயரை நிறுத்தி எழுதினேன். ஓர் எழுத்து சரியாக விழவில்லை என்று தோன்றவே, வேறு படிவம் எடுத்து மறுபடியும் எழுதினேன். போன் அடித்தது. முடித்துவிட்டு எடுக்கலாம் என்று விட்டேன். ஓய்ந்து, மறுபடி அடித்தது.

நிமிர்ந்தபோது திரையில் அந்த வரி பச்சையாகியிருந்தது. ஐந்து நிமிடம் யாரும் பிடித்து வைக்காத முடிவு தானாகவே வார்டுக்குப் போய்விடும். 2.7ஐப் பார்க்கும் டாக்டர் டிரிப்பில் பொட்டாசியம் சேர்க்கச் சொல்வார். ஏற்கெனவே கூடியிருப்பது இன்னும் ஏறினால் அத்தையின் இதயம் நின்றுபோகும்.

படிவத்தைக் கையில் பிடித்தபடியே படியேறி ஓடினேன்.

கட்டிலருகே சின்னவள் நின்றிருந்தாள். தட்டில் பொட்டாசிய மருந்துக் குப்பி, உடைக்காமல்.

"எத்தனை வாட்டிக்கா போன் பண்றது? டாக்டர் போடச் சொல்லிட்டார். உங்களைக் கேக்காம போட மனசு வரல."

"டிரிப் கையில எடுத்தியா?"

"ஆமாக்கா. வலது கையில ரெண்டு தடவை குத்தியும் கிடைக்கல. அத்தை கையை இழுத்துக்கிட்டாங்க. அவசரத்துல இதுல எடுத்துட்டேன். என் தப்புதான், டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். இப்ப நீங்க எடுங்க, என்கிட்ட அத்தை இனி கையை நீட்ட மாட்டாங்க."

நான் வலது கையைப் பிடித்ததும் அத்தை கண்ணைத் திறந்தார். "அடுத்து நீயா? ஆளுக்கொரு பக்கமா உறிஞ்சுங்க. நடுவுல கொஞ்சம் எனக்கும் விட்டு வைங்கடி."

புது ரத்தத்தில் பொட்டாசியம் 5.6. இம்முறை முதலில் போன் செய்தேன். டாக்டர் தன் உத்தரவை ரத்து செய்துவிட்டார்.

சாயங்காலம் இன்னொரு படிவம் எழுதினேன். முடிவை நிறுத்தாதவர்: என் பெயர். காரணம்: படிவம் எழுதிக்கொண்டிருந்தேன். வார்டு கையெழுத்துக்காக இரண்டையும் அவளிடம் நீட்டினேன். தன்னுடையதில் உடனே போட்டாள். என்னுடையதைப் படித்துவிட்டு, "அத்தைக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, இது எதுக்குக்கா? கிழிச்சிடவா?" என்றாள்.

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

"கையெழுத்தை மட்டும் போடு."

கிழிக்க விட்டால் என்னைக் காப்பாற்றிய நல்ல பெயரும் அவளுக்கே போய்விடுமே.